அண்ணன் பூட்டிக் கொடுத்த லேப்டாப்

தைத்து முடித்த சீருடைச் சட்டைகளை மடியில் குவித்துக்கொண்டு, பொத்தான் ஓட்டைகளில் நீட்டிக்கொண்டிருந்த நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தாள் தையல்காரி. எதிரே அவள் மேசையில், அவள் நாற்காலியில், அவள் அண்ணன். இன்றோடு பதினாறு நாள்.

லேப்டாப் அவருடையதாக இருந்தது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிய பிறகு அவளுடையது. ஆனால் கொடுப்பதற்கு முதல் நாள் பாஸ்வேர்டை மாற்றி வைத்தார். வழியில் யாராவது திறந்து பார்த்துவிடக் கூடாதாம். இரண்டு தெரு தள்ளித்தான் தங்கை வீடு. சர்க்கரை டப்பா இருக்கும் அலமாரிக்கே பூட்டுப் போடுகிற மனிதர், வேறு என்ன செய்வார்? லேப்டாப் வந்து சேர்ந்தது, பாஸ்வேர்ட் மறந்துபோனது.

அன்றிலிருந்து தினமும் வந்து உட்கார்ந்து யோசிக்கிறார். பழைய வண்டியின் நம்பர், பென்ஷன் நம்பர், ரிட்டயர் ஆன தேதி. நடுவில் இரண்டு டீ.

இன்று அவரோடு வந்திருந்த அண்ணி கேட்டாள்: "என் பேரைப் போட்டுப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் எப்பவோ போட்டாச்சு."

"எப்போ? நான் பாக்கவே இல்லையே."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

இருபத்திரண்டு வருஷமாக ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுவது தையல்காரியின் கை பட்ட துணிதான். பேர் மட்டும் ஏஜென்டுக்கு. அவர் அளவுப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பி ஆர்டரைப் பிடிப்பார், துணியை இவளிடம் தள்ளிவிடுவார். இந்த வருஷம் அவளே நேராகக் கேட்கப்போகிறாள். அளவெல்லாம் நோட்டில் தயார். பட்டியல் நாளை மதியத்துக்குள் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் ஏஜென்ட்தான்.

கத்தரியைக் கீழே வைத்தாள். "அண்ணா, எழுந்திருங்க."

"இரு, நுனி நாக்குல நிக்குது."

"பதினாறு நாளா அங்கேயேதான் நிக்குது. கால் வலிக்காதா அதுக்கு?"

அண்ணி சிரித்துவிட்டாள். அவர் எழுந்தார்.

பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்க ரிப்பேர் கடைக்காரர் சொன்ன வழியைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். சார்ஜரைச் செருகினாள். ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடியே ரீஸ்டார்ட்டைத் தட்டினாள். நீலத் திரை வந்தது. காகிதத்தைப் பார்த்துப் பார்த்து உள்ளே போய், எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கும் இடத்தில் வந்து நின்றாள்.

"ஏய், என்ன பண்றே? நம்ம குடும்ப வரலாறு எழுதி வச்சிருக்கேன் அதுல!"

"விக்கறப்பவே எடுத்து வைங்கன்னு சொன்னேன். ஞாபகம் வரலேன்னா அழிச்சிடுவேன்னு போன ஞாயித்துக்கிழமையும் சொன்னேன்."

"எட்டுப் பக்கம்தான். இன்னும் இவரு தாத்தாவே பிறக்கல" என்றாள் அண்ணி.

"நீ சும்மா இரு." தங்கை பக்கம் திரும்பினார். "பெரியவன் சொல்றேன், தொடாதே. நாளைக்குக் கண்டிப்பா ஞாபகம் வந்துடும். ஒரு நாள் பொறுத்தா குடியா முழுகிடும்?"

"நாளைக்கு என் பேர் அந்த ஆபீஸ் மேசையில இருக்கணும்ணா. உங்க ஞாபகம் மெதுவா வரட்டும்."

அழுத்தினாள்.

ஒன்று, இரண்டு என்று சதவீதம் நத்தையாக ஊர்ந்தது. அவள் மறுபடியும் சட்டைகளை எடுத்துக்கொண்டாள். பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி அண்ணன் சுவரோரம் நின்றார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. டீயும் வரவில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்குகிற நேரத்தில்தான் திரை விழித்து, இது யாருடையது என்று கேட்டது. ஒற்றை விரலால் தன் பேரை அடித்தாள். ஓர் எழுத்து தப்பாகிப்போனது, அழித்து மறுபடி அடித்தாள்.

பிறகு நோட்டைப் பிரித்து, வகுப்பு வாரியாக அளவுகளை ஏற்ற ஆரம்பித்தாள். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அண்ணன் கதவருகே நின்றார்.

"அப்போ, நாளையிலேருந்து நான் வர வேண்டாமா?"

அவள் ஏழாம் வகுப்பின் தோளளவைத் தேடிக்கொண்டிருந்தாள். நோட்டில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன, நகத்தால் பிரித்தாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வெளியே போனார்.