அக்கா எனக்குப் போடாத வாக்கு

வாக்குப் பெட்டி இருந்த மேசையிலிருந்து அக்கா நேராக என்னிடம்தான் வந்தார். கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மண்டபத்தின் நிலக்கீழ் அறை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததால் வாசலெல்லாம் ஈரச் சப்பாத்துகள். பொதுத் தேர்தலில் எங்கள் தொகுதிக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று அங்கத்தவர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் நாள் அது. நிற்க விரும்பியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான். அக்கா என் கோட்டின் கழுத்துப் பட்டியை இழுத்துச் சரிசெய்தார். சுற்றி நின்ற எங்கள் ஆட்கள், தம்பியை ஆசீர்வதிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். "நான் உனக்குப் போடேல்லை, தம்பி," என்றார். "பிறத்தியார் சொல்லி நீ கேள்விப்படக் கூடாது. அதுதான் நானே சொல்லுறன்." குரலைத் தாழ்த்திப் பழகாதவர். சிரித்தவர்கள் எல்லாருக்கும் அது கேட்டது. அக்கா கையுறையைப் போட்டுக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார்.

கூடப்பிறந்தவள் செய்கிற வேலையா இது? அன்றைக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் திரும்பி வருகிறது. ஆறிவிட்டது என்று சொன்னால் பொய்.

மன்னாரிலிருந்து முதலில் இங்கே வந்து இறங்கியவர் அக்காதான். என்னை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டதும் அவர்தான். அத்தான் இளவயதிலேயே மாரடைப்பில் போய்விட, ஒரே மகனை வைத்துக்கொண்டு, ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிடுகிற வேலையில் காலம் முழுக்க நின்றார். மகன் படித்து முடித்து மேற்குப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தது வேலையும் கோயிலும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்தபின் பெண்கள் கூடிச் செபமாலை சொல்லுவார்கள். அதை நடத்துவது அக்கா.

தேர்தல் காலத்தில் வேட்பாளர்களும் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள். 'வணக்கம்' என்ற ஒரு சொல்லைப் பாடமாக்கிக்கொண்டு வந்து, வடையைக் கடித்துக் கண் கலங்கி, உறைப்பு மிக நல்லது என்பார்கள். எல்லாரும் படம் எடுத்து முடியும்வரை அக்கா பொறுமையாக இருப்பார். பிறகு, வேலையிடத்தில் பழகிய பிரெஞ்சில் ஒரே ஒரு கேள்வி. வயிற்றில் இருக்கிற பிள்ளையின் உயிரையும் படுக்கையில் கிடக்கிறவரின் உயிரையும் பற்றிப் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு வந்தால் உங்கள் கை எந்தப் பக்கம் உயரும்? வரி, வாடகை, வீதி ஒன்றும் கேட்கமாட்டார். "ரோட்டு ஆர் வந்தாலும் போடுவினம்," என்பார். 'தனிப்பட்ட முறையில் எனக்கு விருப்பமில்லை, ஆனால்...' என்று தொடங்குகிறவரை அந்த 'ஆனால்' வந்த இடத்திலேயே கைவிட்டுவிடுவார். இந்த நாட்டில் நீதிபதிகளுக்கு நாங்கள் வாக்குப் போடுவதில்லையே, தீர்ப்பினால் சட்டம் மாறினால் நாங்கள் என்ன செய்ய என்று ஒரு பெண் கேட்டார். "எம்பியை நாங்கள் அனுப்புறம். அவையின்ரை அரசாங்கம்தான் பெரிய நீதவான்மாரைப் போடுது. அப்ப அந்தத் தீர்ப்பிலை எங்கடை கையும் கிடக்கு, பிள்ளை." எனக்கு அது கொஞ்சம் கூடிப்போன கதையாகப் பட்டது.

நான் நிற்க நினைத்தது பெருமைக்காக மட்டும் அல்ல. ஊரில் போரில் காணாமல் போனவர்களைப் பற்றி எழுந்து கேட்க எங்கள் சனத்துக்கு ஒரு வாய் வேண்டும், குடும்பத்தைக் கூப்பிட்டுவிட்டுக் காத்துக் கிடக்கிறவர்களுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று நம்பினேன். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் மேற்பார்வை வேலை எனக்கு. வேலை முடிந்ததும் சாப்பிடாமல்கூட வீடு வீடாக ஏறி இறங்கி ஆட்களைக் கட்சியில் சேர்த்தேன். அக்கா என் பக்கமா என்று ஒருபோதும் யோசித்ததில்லை. அக்கா வேறு எந்தப் பக்கம் போவார்?

ஒரு சனிக்கிழமை அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அதே கேள்வி வந்தது. சிரிப்புத்தான் வந்தது எனக்கு. "கட்சி எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம் அக்கா. மற்றவையின்ரை உயிரிலை நான் ஏன் தலையிடுவான்? சாக வேணுமெண்ட நோயாளியள் டொக்டரிட்டை ஊசியை எடுக்கட்டும், வேண்டாமெண்டவை விடட்டும்," என்றேன். கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நீ கூட்டத்திலை நிக்கிறனீ. நான் கட்டிலுக்குப் பக்கத்திலை நிக்கிறனான். கேக்கிறவை எல்லாரும் நோவிலை கேக்கேல்லையடா. பிள்ளையளுக்குப் பாரமாக் கிடக்கிறம் எண்டு நினைச்சும் கேக்குதுகள். அதுகளுக்கு நீ சட்டத்தைக் காட்டுவாய். நான் என்னத்தைக் காட்டுறது?" எனக்கு எதிராக நின்றவர் ஓய்வுபெற்ற ஒரு கியூபெக் பள்ளி அதிபர், பெண். கட்சி தன்னை வெளியே போட்டாலும், நோயாளி கேட்டால் டொக்டர் ஊசி போட்டு உயிரை முடிக்கலாம் என்கிற அந்தச் சட்டத்தை எதிர்ப்பேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தாராம். "அவ சொன்னதைச் செய்வா. நீயும் சொன்னதைச் செய்வாய். அதுதான் எனக்குப் பயம்," என்றார் அக்கா. விசர்க் கதை கதைக்காதையுங்கோ என்று எழும்பி வந்துவிட்டேன். கடைசி நேரத்தில் மனம் மாறும் என்றுதான் நினைத்தேன்.

தோற்றேன். சொந்த அக்காவே போடவில்லையாம் என்ற கதை வாக்களிக்க நின்ற வரிசை முழுக்க ஓடியிருந்தது. பிறகு அந்த அதிபர் அம்மாவும் பொதுத் தேர்தலில் தோற்றுப்போனார். ஆக, எங்கள் சனத்துக்கு வாயும் இல்லை, அக்காவின் கேள்விக்கு உயர ஒரு கையும் இல்லை. இதை அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்று வருடக்கணக்கில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லப் போகவில்லை. நத்தாருக்கு என் மனைவி கேக் கொண்டுபோய்க் கொடுப்பாள், அவர் பலகாரம் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான்.

அக்காவின் புற்றுநோய் எலும்புக்குள் போன பிறகுதான் மனைவி என்னிடம் சொன்னாள். போனேன். அக்கா மருத்துவமனைக் கட்டிலில் கண்ணை மூடியபடி கிடந்தார். வந்த டொக்டர் இளம் பெண், மரியாதையானவர், ஒரு குறையும் சொல்ல முடியாது. கிழவிக்குப் பிரெஞ்சு தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, என்னைப் பார்த்தே கதைத்தார். நோவுக்கு மருந்து கூட்டலாம். வீட்டோடு வைத்துப் பார்க்க ஆள் அனுப்பலாம். மூன்றாவதாக ஒரு வழியும் சட்டத்தில் உண்டு, நோயாளி கேட்டால் பரிசீலிக்கலாம். தயவுசெய்து உங்கள் மொழியில் சொல்லுங்கள் என்றார். மேடைகளில் மூன்று மொழியில் முழங்கினவன் நான். முதல் இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"மூண்டாவதையும் சொல்லு," என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல். அந்த வசனங்களை எத்தனை கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருப்பார். சொன்னேன். "மற்றவையின்ரை உயிரிலை தலையிடமாட்டன் எண்டனீ. இப்பவும் அப்பிடித்தானோ?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டாம் அக்கா என்றேன். அவர் டொக்டரின் பக்கம் திரும்பி, "நோன், மெர்சி," என்றார், கடையில் பை வேண்டாம் என்று சொல்வதுபோல.

அதற்குப் பிறகு தினமும் போனேன். வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சுகம், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பது என்ன நரகம் என்று அப்போதுதான் தெரிந்தது. மருந்து சில நாட்களில் நோவை எட்டவில்லை. அந்த அனுங்கல் என்னால் கேட்க முடியாமல் போன ஒரு பின்னேரம், விறாந்தையில் டொக்டரை மறித்தேன். பிரெஞ்சு வசனம் வாயில் தயாராக இருந்தது. நோயாளிதான் கேட்கவேண்டும் என்பது தெரியும், இருந்தும் கேட்கத்தான் நின்றேன். அக்கா ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. முடிந்துவிடவேண்டும் என்று நினைத்தவன் நான், அதுவும் எனக்காக. டொக்டர் காத்துக்கொண்டு நின்றார். மருந்தைக் கொஞ்சம் கூட்டமுடியுமா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

"என்ன கேட்டனீ?" என்றார் அக்கா.

"மருந்து கூட்டச் சொன்னனான்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். "நீ நல்ல எம்பியா வந்திருப்பாயடா," என்றார். சிரிக்கப் பார்த்தார், நோவு விடவில்லை.

அந்த வாரத்திலேயே, கோயில் சுவாமி வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்த மறுநாள், அக்கா போய்விட்டார். இப்போது மறுபடியும் தேர்தல். நேற்று ஒரு பொடியன், எங்கள் ஆள்தான், வாக்குக் கேட்டு என் வாசலில் வந்து நின்றான். அக்காவின் கேள்வியை நான் கேட்கவில்லை. நீங்கள் என்றால் என்ன செய்வியள் ஐயா என்று அவன் திருப்பிக் கேட்டால், விறாந்தையில் நின்ற அந்தப் பின்னேரத்தை நான் எங்கே ஒளிப்பது?