ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்ன அக்கா

டென்மார்க்கின் விபோர்க்கில் எங்கள் அடுத்த வீட்டு அக்கா, வீட்டுக்குள்ளும் குளிரங்கியோடுதான் சமைப்பார். வீட்டைச் சூடாக்கிய எண்ணெய்க் கொதிகலனை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் பூட்டியபின் வந்த பழக்கம் அது. விற்றவன் ஒரு தமிழன். செலவு பாதியாகும் என்றான். சூடு நிற்காத பழைய சுவர்களை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பம்ப் ஓயாமல் ஓடியது, மின்கட்டணம் ஏறியது, வீடு குளிர்ந்தே கிடந்தது.

முறையிட்டபோது வந்தான், நானும் அங்கிருந்தேன்.

"பம்பிலை பிழையில்லை அக்கா, உங்களுக்குத்தான் குளிர் தாங்கேலாது" என்றான்.

"அப்ப ஜாக்கெட்டைக் கழட்டிப்போட்டு இரும்."

கழற்றினான். அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கைகளைத் தேய்த்தபடி அதைக் கேட்டான்.

"வீடு குளிருது எண்டு சொல்லும், தாறன்."

சொன்னான். அக்கா ஜாக்கெட்டை அவன்மேல் எறிந்தார். கோபம் மட்டும் தணியவில்லை. அவன் ஒத்துக்கொண்டதால் வீடு சூடாகிவிடவில்லையே.