தேத்தண்ணிக்கு இரண்டாவது ஆணி

கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் பண்டமாரான் கிளினிக்கில், நர்ஸ் குணபூசணி மிஸ்ஸியின் ஆட்சி மருந்துக் கவுண்டரில் தொடங்கி பேக்ஸ் மெஷினில் முடியும். டாக்டர் கனகசபை தன் அறைக்குள் மட்டும்தான் டாக்டர். வெளியே வந்தால் அவரும் மிஸ்ஸி சொன்ன பக்கம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்.

தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவர் மிஸ்ஸி. மூன்றாம் பாரம் படித்ததோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு, பத்தொன்பது வயதில் மருந்துப் போத்தலுக்கு லேபிள் ஒட்ட வந்தார். இருபத்தாறு வருஷத்தில் ஊசி, கட்டு, இ.சி.ஜி. என்று எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டன. யாரும் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

தொண்ணூற்றொன்றில் டாக்டர் பேக்ஸ் மெஷின் வாங்கினார். நெஞ்சுவலி என்று யாராவது வந்தால், இ.சி.ஜி. தாளை அதில் அனுப்பினால் போதும்; பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் இதய டாக்டர் சிவசம்பு அங்கிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவார். முதல் நாள் மிஸ்ஸி அனுப்பிய மூன்று பக்கமும் வெள்ளைவெளேரென்று போய்ச் சேர்ந்தன. தாளைப் புரட்டி வைத்துவிட்டார். சிவசம்பு போன் போட்டு, "ஏன்மா, உங்க பேஷண்டுக்கு ஹார்ட்டே இல்லையா?" என்று கேட்டார். மறுநாள் மெஷின் தலையில் சிவப்பு நகப்பூச்சில் ஓர் அம்புக்குறி முளைத்திருந்தது. அதற்கப்புறம் ஒரு தாள்கூட புரண்டு போனதில்லை.

மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி உண்டு. பிளாஸ்டிக் பையில் கயிறு கட்டி வாங்கி வரும் தேத்தண்ணியை மேசையில் வைக்க முடியாது, சரிந்துவிடும். அதனால் டாக்டரின் தேத்தண்ணி அந்த ஆணியில் தொங்கும். அது டாக்டரின் ஆணி. வேறு யாரும் தொடக்கூடாது.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ரெண்டு கடை தள்ளிச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சலாவுதீன் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார்.

"காத்து மிஸ்ஸி. ஒரு மாத்திரை குடுங்க, ஓடிர்றேன். பன்னெண்டு மணிக்கு துறைமுகத்து ஆளுங்க மீன் தலைக்கறிக்கு வந்துருவாங்க."

"மீன் தலை எங்கேயும் ஓடாது பாய். சட்டையைக் கழட்டுங்க."

இ.சி.ஜி. எடுத்து, தாளைத் துண்டு துண்டாக வெட்டி அட்டையில் ஒட்டினார் மிஸ்ஸி. டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இதுல ஒன்னும் பெருசா தெரியல. எதுக்கும் சிவசம்பு ஒரு தடவை பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விரல் கிழிந்து வந்த ஒரு துறைமுகத்து ஆளுக்குத் தையல் போட உள்ளே போனார்.

பிரிக்பீல்ட்ஸ் லைன் கிடைக்கவில்லை. கால் மணி நேரமாக எங்கேஜ். அதற்குள் சலாவுதீன் கடையில் தேத்தண்ணி கலக்கும் வேலாயுதம் வந்துவிட்டார்.

"பாஸ், இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன். சூடா குடிங்க, காத்து பறந்துரும்."

சலாவுதீன் பையை வாங்கினார். கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஆணியைப் பார்த்தார், அதில் டாக்டருடையது தொங்கியது. விரல் சுட்டது. கண்ணில் பட்ட முதல் இடத்தில், அதாவது தன் இ.சி.ஜி.யின் மேல், பையை வைத்தார்.

சூடு பட்டால் கறுக்கும் தாள் அது. மிஸ்ஸி பாய்ந்து பையைத் தூக்குவதற்குள், சலாவுதீனின் இதயத்தின் மேல் வரைபடத்தில் பார்க்கும் பினாங்குத் தீவு மாதிரி ஒரு கறுப்புத் திட்டு.

"அய்யய்யோ! பரவால்ல மிஸ்ஸி, டாக்டர்தான் பார்த்துட்டாரே. நான் போறேன் லா. சட்டை எங்க?"

சட்டையும், அதன் பையிலிருந்த மோட்டார்சைக்கிள் சாவியும் மருந்து அலமாரிக்குள் இருந்தன. அலமாரிச் சாவி மிஸ்ஸியின் இடுப்பில் இருந்தது.

"சட்டை இஸ்திரிக்குப் போயிருக்கு. இந்தத் தாளை அனுப்பினா, இதயத்துல தார் ரோட் போட்டிருக்கான்னு சிவசம்பு டாக்டர் கேப்பார். படுங்க."

"மிஸ்ஸி, கடை..."

"தலைக்கறிக்கு இன்னைக்குப் புளியா, மாங்காயா?" என்று கேட்டபடியே மிஸ்ஸி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சலாவுதீன் மாங்காய்ப் பக்குவத்தை விலாவாரியாகச் சொன்னார். மிஸ்ஸி ஒரு வார்த்தையைக்கூடக் காதில் வாங்கவில்லை. நாடியை எண்ணிக்கொண்டிருந்தார். சலாவுதீனின் கை வேர்த்துச் சில்லிட்டிருந்தது.

இரண்டாவது தாள் வெளியே வரும்போதே மிஸ்ஸி குனிந்து பார்த்தார். முதல் தாளில் சமமாக ஓடிய கோடு இதில் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. வெட்டினார், ஒட்டினார், அம்புக்குறி பார்த்து வைத்தார். இந்தத் தடவை லைன் கிடைத்தது. மெஷின் கீச்சென்று கத்தித் தாளை விழுங்கியது.

நாலே நிமிஷத்தில் போன்.

"மிஸ்ஸி, இந்த ஆள் எங்க?" சிவசம்புவின் குரலில் இன்றைக்குக் கிண்டல் இல்லை.

"முன்னாலதான் டாக்டர். சட்டையில்லாம படுத்திருக்கார்."

"எழும்ப விடாதீங்க. ஹார்ட் அட்டாக். ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. கனகசபைகிட்ட போனைக் குடுங்க."

தையல் ஊசியோடு ஓடி வந்தார் கனகசபை. சிவசம்பு அங்கிருந்து சொல்லச் சொல்ல, இங்கே மருந்து சலாவுதீனுக்குள் போனது. ஆம்புலன்ஸ் வந்து கிள்ளான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, மடித்த சட்டையை அவர் தலைக்கடியில் செருகிவிட்டார் மிஸ்ஸி. "இஸ்திரி ஆயிருச்சு பாய்" என்றார். சலாவுதீன் சிரிக்கப் பார்த்தார்.

அவர் மனைவி ஜுபைதாவுக்குப் போனில் சொல்லிவிடலாம் என்றார் டாக்டர். மிஸ்ஸி கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார். கடைக் கல்லாவில் இருந்த ஜுபைதாவின் கையைப் பிடித்து, "ஆள் பிழைச்சுக்குவார். வாங்க, நானும் கூட வரேன்" என்றார்.

ஐந்து வாரம் கழித்து, பத்து கிலோ குறைந்த மாதிரி தெரிந்த ஒரு சலாவுதீன் மெதுவாகக் கிளினிக்குக்குள் வந்தார். கையில் தேத்தண்ணிப் பை. சீனி இல்லாதது என்று சத்தியம் செய்தார். டாக்டரின் ஆணியில் ஏற்கெனவே ஒன்று தொங்கியது. சலாவுதீனின் கண் பழக்கதோஷத்தில் மேசைப் பக்கம் போனது.

"ம்ஹும்" என்றார் குணபூசணி மிஸ்ஸி, மாத்திரை எண்ணுவதை நிறுத்தாமலே.

முகவாயால் சுவரைக் காட்டினார். டாக்டரின் ஆணிக்குப் பக்கத்தில், பளபளவென்று, இன்னோர் ஆணி அடித்திருந்தது.