மாமா பக்திமான் ஆன தை மாதம்

வெயில் காலத்தில் செஞ்சியில் ஒருவன் ஓடினால், ஒன்று அவன் திருடனாக இருக்க வேண்டும், இல்லை திருடனைத் துரத்துகிறவனாக இருக்க வேண்டும். மற்றபடி ஓடுவதற்கு எந்த முகாந்திரமும் கிடையாது. ஊரைச் சுற்றி நிற்கிற பாறைமலைகள் எங்களை அடுப்புக்குள் வைத்த கிழங்கு மாதிரி வாட்டி எடுத்துவிடும். அதனால் பிள்ளைகளுக்கான நெடுந்தூர ஓட்டப் பந்தயங்கள் மார்கழிப் பனியில் தொடங்கித் தைக்குள் முடிந்துவிடும். அறுபதுகளில், எனக்கு மீசை அரும்பாத அந்த வயதில், என்னை மிஞ்சி ஓட இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த நம்பிக்கை பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எங்கள் ஓட்டக் குழுவை நடத்தியவர் என் மாமா. அம்மாவின் தம்பி, கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தார். அவர் ஓடி ஒருவரும் பார்த்ததில்லை. பஸ் நகர ஆரம்பித்துவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாரே தவிர ஓட மாட்டார். ஆனால் விடியற்காலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு எங்கள் பின்னால் சைக்கிளில் வந்து, கால் வலிக்கிறவனுக்கெல்லாம் காதும் சேர்ந்து வலிக்கும்படி ஏசுவார். மாமா கறுப்புச் சட்டைக்காரர் வேறு. சாமி என்று ஒன்று இருந்தால் மண்டிக்கு நேரில் வரட்டும், ஒரு படி அரிசி இனாமாகவே அளந்து போடுகிறேன் என்பார். அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். நைனாவோ, பிடி அரிசி கொசுறு போடாதவன் சாமிக்குப் படி போடப் போகிறானாம் என்று முணுமுணுத்துவிட்டுச் சாப்பிடப் போவார்.

எங்கள் பந்தயத்தில் ஒருவன் முதலில் வந்தால் மட்டும் போதாது. குழுவுக்கு ஐந்து பேர். ஐந்து பேரும் எத்தனையாவதாக வந்தார்கள் என்று கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை எந்தக் குழுவுக்குக் குறைவோ அந்தக் குழுதான் ஜெயித்தது. எங்கள் குழுவில் முதலில் நான், எனக்கு அடுத்தவன் ஏழுமலை. ஏழுமலை காலனிப் பையன். அவன் அப்பா மாமாவின் மண்டியில் மூட்டை தூக்கினார். நெடுநெடுவென்று இருப்பான், ஓடும்போது மூச்சு வாங்குகிற சத்தமே கேட்காது. யாராவது ஓட முடியாமல் போனால் இறக்குவதற்குப் பலகாரக் கடைக்காரர் மகனை வைத்திருந்தோம். அவன் பந்தயத்தன்றும் கால்சட்டைப் பையில் காராபூந்தி வைத்திருப்பான். அவனை இறக்குவதும் கேடயத்தைக் கையில் எடுத்துக் கொடுப்பதும் ஒன்றுதான்.

அந்த வருஷம் அனந்தபுரத்தில் நடந்த முதல் பந்தயத்தில் எங்களுக்கு வெற்றி. அமாவாசைக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து மேல்மலையனூரில் நடத்திய இரண்டாவதில் அனந்தபுரத்துப் பையன்கள் ஜெயித்தார்கள். ஆக, பொங்கல் கழிந்து எங்கள் ஊரிலேயே நடக்கிற கடைசிப் பந்தயத்தில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் கேடயம். முந்தின வருஷமும் இதே மாதிரிதான் வந்து நின்றது. கடைசிப் பந்தயத்தன்று ஏழுமலைக்கு வயிற்றுவலி வந்து, பூந்திக்காரனை இறக்கி, கேடயத்தைக் கோட்டை விட்டோம். இந்தத் தடவை கேடயம் மண்டியில் தொங்காவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பந்தயங்களை நடத்துகிற பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் பந்தய வழியை அறிவித்தார். போன வருஷத்து வழியேதான். கடைத்தெருவில் கிளம்பி, ஏரிக்கரை மேல் ஓடி, கோடியில் இருக்கிற அம்மன் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கடைத்தெருவுக்கு வந்து முடிக்க வேண்டும். எனக்குக் கொண்டாட்டம். கோயில் மூலையில் ஒரு வேப்பமரம் உண்டு. இடது கையால் அதைப் பிடித்து, வேகம் குறையாமல் ஒரு சுழற்று சுழன்று திரும்ப நான் மாதக்கணக்கில் பழகி வைத்திருந்தேன். அந்தத் திருப்பத்தில் என்னை எவனும் பிடிக்க முடியாது.

மறுநாள் காலை ஏழுமலை ஓட வரவில்லை. போய்க் கேட்டதற்கு, காலில் முள் குத்திவிட்டது, பந்தயத்துக்கு வர முடியாது என்றான். காலைக் காட்டச் சொன்னேன். உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் முள்ளும் இல்லை, முள் இருந்த தடமும் இல்லை. உள்ளே போய்விட்டது என்றான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக மண்டிக்குப் போய், உங்கள் ஏழுமலை நாடகம் போடுகிறான், அவன் வராவிட்டால் பூந்திக்காரன்தான், கேடயம் அம்போ என்று மாமாவிடம் கத்தினேன். மாமா கையில் அள்ளிய அரிசியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் எங்க திரும்பறாங்க?" என்று கேட்டார்.

கோயிலில் என்றேன்.

"போன வருசம்?"

அதுவும் கோயில்தான் என்றேன். மாமா கையிலிருந்த அரிசியை மூட்டையில் போட்டார். வந்த வியாபாரியையும் கவனிக்கவில்லை.

காலனிக்காரர்கள் அந்தக் கோயிலை நெருங்கி நான் பார்த்ததில்லை. திருவிழாவில்கூட ஏரியின் எதிர்க்கரையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை. ராத்திரியில் காக்கை பறக்காது, காலனிக்காரர்கள் இந்தக் கரைக்கு வர மாட்டார்கள், இரண்டும் ஒரே வகை வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் பந்தயம் நடத்துகிறவர்கள் கூடிய இடத்துக்கு மாமா போனார். குழுவின் முக்கியஸ்தன் என்கிற உரிமையில் நானும் போனேன். கேடயம் கொடுக்கிற கோயில் தர்மகர்த்தா நடுவில் உட்கார்ந்திருந்தார். மாமா வணக்கம் சொல்லிவிட்டுப் பேசியதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மன எடப்பக்கம் வச்சி சுத்தறது இன்னா பழக்கம் சார்? ஊருக்கு ஆவுமா?"

டிரில் மாஸ்டர், ஓட்டப் பந்தயம் என்றால் உலகம் பூராவும் இடப்பக்கமாகத்தான் திரும்புவார்கள் என்று விளக்கிப் பார்த்தார். தர்மகர்த்தாவின் முகம் ஏற்கெனவே மாறிவிட்டிருந்தது. சரி, அப்படியானால் வலமாகவே சுற்றட்டும் என்று டிரில் மாஸ்டர் இறங்கி வந்தார். விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். மாமா விடவில்லை.

"வலம் வர்றதுன்னா நெறமாசக்காரி எண்ணெக் கொடம் தூக்கிக்கினு நடக்கற மாதிரி அடி மேல அடி வச்சி வரணும். எச்சி துப்பிக்கினு தலைதெறிக்க ஓடறதுக்குப் பேரு வலமா?"

தர்மகர்த்தா எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் இவரைத் தப்பாக நினைத்துவிட்டேனே என்று எல்லாரிடமும் சொன்னார். கோயில் திருப்பம் ரத்தானது. கோட்டைக்குள் இருக்கிற பழைய நெற்களஞ்சியத்தைச் சுற்றித் திரும்பலாம் என்று மாமாவே யோசனை சொன்னார். அது சர்க்கார் இடம், சாமியும் இல்லை, பூசாரியும் இல்லை என்று வருகிற வழியில் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் வேப்பமரம் போயிற்று. சொந்த மாமாவே குழி பறிப்பார் என்று யார் கண்டது? பந்தயம் முடியும்வரை அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை. தம்பிக்கு நல்ல புத்தி வந்துவிட்டதென்று அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். தர்மகர்த்தா தினமும் பிரசாதம் கொடுத்தனுப்பினார். நெற்றியில் ஒன்றும் இல்லாமல் இருந்தால் சாயம் வெளுத்துவிடும் என்பதாலோ என்னவோ, மாமா பந்தயம்வரை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு மண்டியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கறுப்புச் சட்டைக் கூட்டாளிகள் எதிர்க்கடையில் நின்று அரகரா என்று கோஷம் போட்டார்கள். மாமா அதையெல்லாம் காதில் வாங்காமல் அரிசி அளந்தார். ஏழுமலையின் காலில் இருந்த முள் மட்டும் திருப்பம் மாறிய சேதி எட்டிய மறுநாளே காணாமல் போனது. என்ன அற்புதமான கால் என்று நான் வியந்தேன்.

பந்தயத்தன்று நல்ல பனி. களஞ்சியம்வரை நான்தான் முதல். கோட்டை வாசலைத் தாண்டி வெளியே வரும்போது ஏழுமலை என் பக்கத்தில் வந்தான், அப்புறம் முன்னால் போனான். அவன் முதுகைப் பார்த்து ஓடுவது எனக்குப் புதுசு. கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் ஜனம் நெருக்கியடித்து நின்று கை தட்டியது. ஏழுமலை தெருவின் நட்டநடுவில் தலை நிமிர்ந்து ஓடிக்கொண்டிருந்தான். அப்போது கூட்டத்துக்குப் பின்னால், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் சுருட்டிப் பிடித்தபடி கூடவே ஓடி வந்த அவன் அப்பாவின் குரல் கேட்டது.

"டேய் ஏழுமல, ஓரமா ஓடு. ஓரமா போடா."

ஏழுமலை திரும்பிப் பார்க்கவில்லை. நடுவிலேயே ஓடி முதலாவதாக முடித்தான். நான் இரண்டாவது. மற்ற மூவரும் மோசமில்லாமல் வந்து சேர, கேடயம் எங்களுக்குக் கிடைத்தது. மாமா யாருக்கும் தெரியாமல் மப்ளரால் விபூதியைத் துடைத்துக்கொண்டார்.

என்னை ஒருவன் முந்தியிருக்கிறான் என்றால் அதில் ஏதோ சூட்சுமம் இருக்க வேண்டும். அந்தச் சூட்சுமம் எனக்கு அன்றே பிடிபட்டுவிட்டது. அப்பா சொன்னதைக் கேட்காமலே அவன் முதலாவது வந்தான் என்றால், கேட்டு ஓடினால் எவ்வளவு வேகம் வரும்! அடுத்த மார்கழியில் அனந்தபுரத்தில் நான் பந்தயம் முழுக்க ஓரமாகவே ஓடினேன். வேலிமுள் சட்டையைக் கிழித்தது, ஒரு சாக்கடையில் கால் விட்டேன், கடைசியில் யார் யாரோ என்னைத் தாண்டிப் போனார்கள். சேற்றுக்காலோடு உட்கார்ந்திருந்த என்னிடம் ஏழுமலை வந்து, வழி பூரா ஏன்டா அப்படி ஓடினாய் என்று கேட்டான். உங்கப்பா சொன்ன யுக்திதானே என்றேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் காலில் இருந்த சேற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது உனக்குச் சொன்னது இல்லடா" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்ல யுக்தியைத் தன் பிள்ளைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறாரே, இத்தனைக்கும் எங்கள் மாமா மண்டியில் வேலை செய்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.