தண்ணீர் கேட்ட படகு

வழக்கு முடிந்துவிட்டது. இனிச் சொல்லலாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் படகு ஓட்டுகிறவன். படகு என்னுடையதல்ல. முதலாளி ஓட்டமாவடிக்காரர். ஒரு நாள் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்தார். வழமையாகக் கரையில் நின்றுதான் பேசுவார். அன்று படகுக்குள் இறங்கி, என்னைக் கபினுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

“இந்தத் தடவ உங்கட ஆக்கள் மூணு பேரும் கரையில நிக்கட்டும். வேற மூணு பேர் வருவாங்க. பத்து நாள்.”

“தொழில் தெரியுமா?”

“தெரியா.”

“அப்ப என்னத்துக்கு?”

“அதுல ஒருத்தர உயிரோட வெச்சிருக்கணும். மத்த ரெண்டு பேரும் அதுக்குத்தான் வாறாங்க.”

பிறகு விவரம் சொன்னார். அந்த ஒருவர் கடற்படை அதிகாரி. நடுக்கடலில் போதைத்தூள் ஏற்றி வந்த படகொன்றைப் பிடித்தவர். அவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னால் சில பெரிய ஆட்கள் உள்ளே போவார்கள். அதனால் அவரைக் கொல்லத் திரிகிறார்கள். வீதியில் இரண்டு தடவை முயன்றுவிட்டார்கள். கரையில் எங்கே ஒளித்து வைத்தாலும் தகவல் வெளியே போகிறது. சாட்சி நாள் வரைக்கும் கடலில் ஒரு மீன் படகில் வைத்திருப்பது என்று முடிவு.

ஓம் என்றேன். எங்கள் ஆட்களில் என் மச்சான் மட்டும் வர வேண்டும் என்று கேட்டேன். என் மனைவியின் தம்பி. அந்த எஞ்சின் அவன் கைக்குத்தான் அடங்கும். முதலாளி சம்மதித்தார். ஆனால் அவனுக்கு எதுவும் சொல்லக்கூடாது என்றார். மச்சானுடைய வாய் துறைமுகம் முழுக்கத் தெரிந்த வாய். நானும் சரி என்றேன்.

மூன்று பேரும் ஐஸ் லொறியில் வந்து இறங்கினார்கள்.

முதல் ஆள் பழுகாமம் ஊர்க்காரர், பழுகாமத்தான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிற குடும்பம். முப்பத்தைந்து வயது இருக்கும். கடலில் கால் வைத்ததில்லை. இரண்டாவது ஆள் சிங்கள ஆள். பெரிய உடம்பு. சமையலுக்கு என்று வந்தார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார். மூன்றாவது ஆள்தான் அதிகாரி. ஐம்பது தாண்டியவர். சாரம் கட்டியிருந்தார். காற்சட்டையிலேயே வாழ்ந்தவர் கட்டிய சாரம் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

பாசிக்குடா ஹோட்டல்கள் ஒரு கோடாகத் தேயும்போதே பழுகாமத்தான் சத்தி எடுக்கத் தொடங்கினார். இரண்டு நாள் எடுத்தார். ஆனால் ஒரு தடவையும் போய்ப் படுக்கவில்லை. அதிகாரி எங்கே இருக்கிறாரோ அதற்கு முன்னால் இருந்துகொண்டு எடுத்தார். எடுத்து முடித்து வாயைத் துடைத்து, அடுத்த கணம் கடலைச் சுற்றிப் பார்ப்பார். நான் எத்தனையோ பேரைக் கடலுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். அப்படி ஒருவரைக் கண்டதில்லை.

மச்சான் விடவில்லை.

“படுவான்கரை, வட்டைக்குள்ள வரம்புல நடந்த கால் இஞ்ச நிக்காது கா.”

“வரம்பு ஆடாதே அண்ண. இது ஆடுதே.”

“அப்ப என்னத்துக்கு வந்த?”

“மாடு முட்டிப் போட்டுது. அதான் கடலுக்கு வந்தன்.”

மச்சான் சிரித்தான். பழுகாமத்தானும் சிரித்துவிட்டுத் திரும்பவும் சத்தி எடுத்தார்.

மூன்றாம் நாள் அவர் அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னதைக் கேட்டேன். “சேர், நிண்டு பாக்காதீங்க. கையப் பின்னால கட்டாதீங்க. இந்தா, அண்ணனப் பாருங்க. குந்திக்கிட்டுப் பாக்கிறாரு.” நான் அப்படித்தான் பார்க்கிறேன் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். அதிகாரி குந்தினார். முழங்கால் நொந்திருக்கும். இறங்கும் வரைக்கும் குந்தித்தான் கடலைப் பார்த்தார்.

அவர் வேலையும் செய்தார். சூரை மீன் வெட்டினார். ஒவ்வொரு மீனையும் தொடுவதற்கு முன் கையைக் கழுவினார். மச்சானுக்கு அது பொறுக்கவில்லை.

“பெரியவர், அது மீன் கா. புள்ளையில்ல. அமத்திப் புடிங்க.”

“சரி, தம்பி.”

“கத்திய அந்தப் பக்கம் புடிச்சா விரல்தான் போகும்.”

“சரி, தம்பி.”

அவருக்குக் கீழே எத்தனை பேர் சலூட் அடித்திருப்பார்கள். முகம் சுளிக்கவில்லை.

பின்னேரங்களில் படகுகள் ரேடியோ செற்றில் பேசிக்கொள்ளும். யாருக்கு எவ்வளவு மீன், எங்கே நீரோட்டம் என்று. எங்கள் படகு பேசாமலிருந்தால் சந்தேகம் வரும். வழமை போலப் பேசச் சொல்லியிருந்தார்கள். நான் வழமையாகப் பேசுவதில்லை. மச்சான்தான் பேசுவான். நாலாம் நாள் அவன் பேசினான்.

“முதலாளி இந்த முறை ஒரு ஆளப் போட்டிருக்கார் கா. கந்தோர் மேசையில இருந்து புடுங்கி நட்ட மாதிரி. மீன வெட்டச் சொன்னா கையக் கழுவிற்றுத்தான் வெட்டுறார்.”

மற்றப் படகுகள் எல்லாம் சிரித்தன. பழுகாமத்தான் தூண்டில் கயிறு முடிந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. சமையல்காரரைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“அண்ண, வேற பக்கம் கிறுகலாமா?”

தூண்டிலை இழுத்துக்கொண்டு தென்கிழக்கே இருபது மைல் போனோம். அங்கே மீன் இல்லை என்று மச்சான் கத்தினான். அவனை யாரும் ஏசவில்லை.

ஏழாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு சிறு பைபர் படகு தெரிந்தது. மூன்று பேர். ஒருவன் சேட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். இன்னொருவன் கையைக் குவித்து வாயில் வைத்துக் காட்டினான். தண்ணீர்.

படகைத் திருப்பினேன். பழுகாமத்தான் கபினுக்குள் வந்தார்.

“வேணாம் அண்ண, கிட்டப் போக ஒண்ணா.”

“தண்ணி கேக்காங்க.”

“தெரியும்.”

“தண்ணி கேட்டா நான் போவன்.”

அவருக்குக் காரணம் சொன்னேன். கலியாணம் முடித்த புதிதில் எஞ்சின் பழுதாகி ஒன்பது நாள் கடலில் மிதந்தவன் நான். இரண்டு படகுகள் எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. அதில் நின்றவர்களின் முகம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. மூன்றாவது படகு, என்ன பாஷை பேசினார்களோ தெரியாது, தண்ணீர் தந்தது. “அந்த ரெண்டு படகுல நிண்ட ஆளா நான் ஆகமாட்டன்” என்றேன்.

காவலுக்கு வந்தவர், இடுப்பில் துவக்கு இருந்தது. சட்டமும் அவர் பக்கம். ஒரு வார்த்தையில் என்னைத் தள்ளி நிறுத்தியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

“குடுப்பம் அண்ண. குடுக்கத்தான் வேணும். ஆனா கையால குடுக்க ஒண்ணா.”

நீலப் பிளாஸ்டிக் கான் ஒன்றை எடுத்தார். வாயளவு நிரப்பவில்லை, மிதக்கட்டும் என்று. மூடியை இறுக்கினார். வலை மிதவை ஒன்றைக் கட்டிக் கடலில் இறக்கினார். நான் படகை விலக்கி எட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் அந்தப் படகுக்குக் கானைக் கை காட்டினார்.

“மறுகா பாருங்க. தாகம் எண்டா கானுக்குப் போவாங்க. இல்லாட்டி நம்மகிட்ட வருவாங்க.”

அதற்குள் சமையல்காரர் அதிகாரியை ஐஸ் அறைக்குள் இறக்கி, மூடியைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். மச்சான் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“உங்களுக்கெல்லாம் பைத்தியமா கா? தண்ணிய நாய்க்கு வெச்ச மாதிரி வெச்சிற்று நிக்கிறீங்க.”

பைபர் படகு எஞ்சினைப் போட்டது. கானை நோக்கி வந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. நல்லவர்களைச் சந்தேகித்துவிட்டோம் என்று நினைத்தேன். படகு கானுக்கு ஒரு முழம் பக்கத்தால் வந்தது. முன்னால் இருந்தவன் குனியவில்லை. அதைப் பார்க்கக்கூட இல்லை. எங்கள் படகையே பார்த்துக்கொண்டு வந்தான். அவர்களுடைய அலையில் கான் ஒரு தடவை புரண்டது.

தாகத்தில் கிடந்தவன் நான். தாகம் எடுத்தவனின் கண் தண்ணீரை விட்டு விலகாது. அப்போது எனக்கும் விளங்கியது.

சமையல்காரர் கத்தியைக் கீழே வைத்தார். கையைச் சாரத்தில் துடைத்தார். எழும்பினார். இது நன்றாக நினைவிருக்கிறது. அவசரமே இல்லை. அவர்கள்தான் முதலில் சுட்டார்கள். கபின் கண்ணாடி போனது. மச்சானை நான் இழுத்துக் கீழே போட்டேன். சமையல்காரர் துவக்கை எடுத்து இரண்டு வெடிதான் வைத்தார். இரண்டும் அவர்களுடைய எஞ்சினில். ஆட்டமான கடல், ஓடி வருகிற படகு. ஆளைச் சுடுவதே கஷ்டம். அவர் எஞ்சினைச் சுட்டார்.

பழுகாமத்தான் ஐஸ் அறை மூடிக்கு மேல் நின்றார். மறைவுக்குப் போகவில்லை. இடது கையில் வெடி பட்டது. அப்போதும் நின்ற இடத்திலேயே நின்றார். கால் அசையவில்லை. முதல் நாள் அந்தக் காலைத்தான் மச்சான் பழித்தான்.

எஞ்சின் புகைந்து படகு நின்றுவிட்டது. துவக்குகளைக் கடலில் போடச் சொல்லி பழுகாமத்தான் தமிழில் கத்தினார், சமையல்காரர் சிங்களத்தில் கத்தினார். எங்கள் படகு உயரம். மேலே இருந்து இரண்டு துவக்கு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. போட்டுவிட்டார்கள்.

அதிகாரியை வெளியே எடுத்தபோது உதடு நீலமாக இருந்தது. உடம்பு நடுங்கியது. “யாருக்கு காயம்?” என்று கேட்டார். பழுகாமத்தானின் கையைப் பார்த்ததும் தன் சாரத்தின் ஓரத்தைக் கிழித்துத் தானே கட்டினார்.

கரைக்கு அறிவித்தோம். காவல் படகு வர இரண்டு மணித்தியாலம் என்றார்கள். வெயில் ஏறியது. பைபர் படகில் இருந்தவர்கள் ஒரு பலகையைப் பிடுங்கித் துடுப்பாகப் போட்டார்கள். எங்களிடமிருந்து தப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. கானுக்குப் போனார்கள். எடுத்து மூன்று பேரும் மாறி மாறிக் குடித்தார்கள்.

“குடிக்காங்க அண்ண” என்றார் பழுகாமத்தான்.

“ஓம்.”

“நல்லது. குடிக்கட்டும்.”

அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை.

காவல் படகு வந்தபோது அதிகாரி திரும்ப ஐஸுக்குள் போனார். வந்தவர்களுக்கும் அவர் இங்கே இருப்பது தெரியாது. ஏன் என்று பழுகாமத்தானிடம் கேட்டேன். “நல்ல ஆக்கள்தான் அண்ண. ஆனா அவங்களுக்கும் வாய் இரிக்கி” என்றார். பிடிபட்ட மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு, பழுகாமத்தானையும் கொண்டுபோய் மருந்து கட்டுகிறோம் என்றார்கள். அவர் போகவில்லை.

மச்சானுக்கு அப்போதுதான் எல்லாம் சொன்னோம். கேட்டுவிட்டு, நம்மை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டான். பழுகாமத்தான் முந்திக்கொண்டார்.

“எங்கட பிழை அண்ண. உங்களுக்கு முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது நாங்க.”

சேதம் வந்தது அவருடைய கையில். பிழையையும் அவரே எடுத்துக்கொண்டார். ஆனால் மச்சான் முட்டாள் இல்லை. ரேடியோ செற்றைப் பார்த்தான். எஞ்சின் அறைக்குள் இறங்கிப் போனான். அன்றைக்கும் அடுத்த நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னேரம் நானே செற்றை எடுக்க வேண்டி வந்தது. “என்ன, உங்கட மச்சான்ட சத்தத்தக் காணம், மௌத்தாப் போயிட்டாரா?” என்று ஏறாவூர்க்காரர் ஒருவர் கேட்டார். தொண்டைக் கட்டு என்றேன்.

சாட்சிக்கு முந்தின நாள் கரைக்குத் திரும்பினோம். துறைமுகத்தில் கூட்டம் இருக்கும். கொல்ல அனுப்பியவர்களுடைய ஆள் அங்கே நிற்கலாம். அதிகாரி மீன் கூடை தூக்கிக்கொண்டு இறங்கி, ஐஸ் லொறியில் ஏறிப் போக வேண்டும். அவ்வளவுதான் திட்டம். பழுகாமத்தான் நீட்டுக் கைச் சேட்டுப் போட்டுக் காயக் கட்டை மறைத்தார். பிறகு மச்சானிடம் போனார்.

“அண்ண, கரையில நீங்க அவர வழமை மாதிரி ஏசணும்.”

“எனக்கு ஏலா.”

“ஏசணும்.”

“அவரயா? இவ்வளவு நாளும் நான் ஏசினது காணாதா?”

“நீங்க ஏசினாத்தான் அவர் கூலிக்கு வந்த ஆள். ஏசாட்டி அவர் சேர்.”

மச்சான் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

படகைக் கட்டினோம். ஏலக்காரர், வியாபாரிகள், சும்மா நிற்கிறவர்கள் என்று கரை நிறைய ஆட்கள். அதிகாரி கூடையைத் தோளில் வைத்துப் பலகையில் கால் வைத்தார். ஒன்பது நாளில் தாடி வளர்ந்து, முகம் கறுத்து, நாற்றமும் எங்கள் நாற்றம்தான். மச்சான் வாயைத் திறந்தான்.

“பெரியவர், கூடைய நேராப் புடிங்க கா. தண்ணி முழுக்கப் பின்னால வாறவன்ட தலையில ஊத்துது. பத்து நாளாச் சொல்லிச் சொல்லி என்ட வாய்தான் நோகுது. உங்களுக்கு ஆரு இந்தத் தொழிலக் காட்டின?”

பக்கத்துப் படகுக்காரர்கள் சிரித்தார்கள். கரையிலும் சிரித்தார்கள். எல்லோரும் மச்சானைத்தான் பார்த்தார்கள். கூடை தூக்கியவரின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

“சரி, தம்பி” என்றார் அதிகாரி. கூடையை நேராகப் பிடித்தார். நடந்தார். முன்னால் சமையல்காரர், பின்னால் பழுகாமத்தான். லொறி பாலத்துப் பக்கமாகப் போனது.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு முதலாளி போன் எடுத்தார். “கூண்டில ஏறிட்டார்” என்றார். வைத்துவிட்டார்.

மச்சான் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். போய்ச் சொன்னேன். நிமிரவில்லை. துடைத்துக்கொண்டேயிருந்தான்.

“கையக் கழுவிற்றுத்தான் ஏறியிருப்பார்” என்றான்.