ஹெட்லைட் கண்ணாடியில் புள்ளி

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊர் நிர்வாகத்தை ஒப்படைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தபோது நான் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூட ஒரு கான்வாஸ் துணி இருந்தது, அந்தத் துணியில் எலி கடித்த ஓட்டை இருந்தது. வீட்டில் நாங்கள் அம்மா, நான், தங்கை என்று மூன்று பேர். மூன்று பேருக்கு இரண்டு இடமா என்று அம்மா கேட்டாள். உனக்குத்தான் காரில் ஏறவே பயமாயிற்றே, அப்புறம் என்ன என்றேன்.

காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வேலை பார்த்த இடத்து லாரியில் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் விளக்கைப் பற்றித் தெரியும். ஊரின் தெருவிளக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நெல்லித்தோப்பிலிருந்து கருவடிக்குப்பம் வரை எந்தக் கம்பத்து பல்பு எப்போது போகும் என்று முன்கூட்டியே சொல்வேன். ஆகவே காரிலும் விளக்கைப் பார்த்து வாங்குவது என்று முடிவு செய்தேன். எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துத் தலையை ஆட்டுகிற ஆட்கள் நிறைய உண்டு. அவர்களில் பாதிப் பேருக்கு என்ன பார்க்கிறோம் என்றே தெரியாது. எனக்கு அந்த மாதிரி நடிப்பெல்லாம் வராது.

கார் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் இடது கன்னம் முழுக்கத் தழும்பு தங்கிவிட்டது. இப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. பெண்கள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அதுவரை மூன்று குடும்பங்கள் பெண் பார்க்க வந்திருந்தன. மூன்றும் கேசரி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று கிளம்பின. ஊரில் தபால் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. அந்த மூன்று கடிதங்கள் மட்டும் வரவில்லை.

வாசலில் ஒரு கார் நின்றால், வருகிறவர்களின் பார்வை முதலில் அதில் விழும். காரைப் பார்த்த கண்ணுக்குக் கன்னம் பெரிதாகத் தெரியாது. இது என் கண்டுபிடிப்பு. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். தங்கையிடம் சொல்லவில்லை, எதற்கு அவள் மனதைக் கஷ்டப்படுத்துவது என்று. அவ்வளவு நல்ல அண்ணன் நான்.

விற்கிறவர் சுங்கத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுக்காரர். கப்பலுக்குத் தேதி குறித்துவிட்டு, கடற்கரைப் பக்கத்து வீட்டில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் கடலூரில் மாமா வீட்டில் தங்கி இங்கிலீஷ் படித்தவன், எனக்கு பிரெஞ்சு வராது. தங்கை இங்கேயே கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழைவிட பிரெஞ்சுதான் வேகமாக வரும். அதனால் பேசுவதற்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கார் கொட்டகைக்குள் நின்றது. நான் நேராக முன்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஹெட்லைட்டைப் பார்த்தேன். எஞ்சினைக் காட்டலாம் என்று மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த பெரியவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடியை இறக்கினார்.

ஹெட்லைட்டுக்கு வயதானால் மூன்று இடத்தில் தெரியும். கடற்கரை மணலும் ரோட்டு ஜல்லியும் அடித்து அடித்துக் கண்ணாடியில் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். உப்புக் காற்றில் கண்ணாடியைச் சுற்றியிருக்கிற வளையத்து முலாம் உரியும். உள்ளே பல்புக்குப் பின்னால் இருக்கிற வெள்ளிப் பூச்சு கறுக்கும். இந்த மூன்றாவது வந்துவிட்டால்தான் விளக்கு போயிற்று என்று அர்த்தம். முதல் இரண்டும் வெறும் அழகுக் குறை, வெளிச்சத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பேரத்துக்கு அந்த இரண்டும்தான் உதவும், ஏனென்றால் அவைதான் வெளியே தெரிகின்றன. கையைக் குவித்து உள்ளே பார்த்தேன். வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தது. அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. விளக்கு மஞ்சளாக எரிந்தது. அது அவர்கள் நாட்டு வழக்கம், குறையில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தேவைப்பட்டால் அதையும் குறையாகச் சொல்லலாம் என்று கையிருப்பில் வைத்துக்கொண்டேன்.

பெரியவர் ஒரு விலை சொன்னார். நான் எழுந்து, கண்ணாடியை விரலால் தட்டி, தங்கையிடம் சொன்னேன்.

"அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்குது கண்ணாடி. இந்த அழகுக்கு இவ்ளோ விலையான்னு கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஹெட்லைட்டைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே அப்போது உறைக்கவில்லை. பேரத்தில் இருந்தேன்.

அவள் பெரியவர் பக்கம் திரும்பி, "முசியே" என்று ஆரம்பித்து நிறையப் பேசினாள். நான் சொன்னது ஒரு வரி. பிரெஞ்சில் அப்படித்தான் நீளும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னை, டாக்டர் நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். கிட்டே வந்து தோளில் கை வைத்தார். நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே விலையைக் குறைத்தார். போதாததற்கு, காருக்குப் போடுகிற மெழுகு ஒரு டப்பாவும் கையில் கொடுத்தார். ஆள் அசந்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தங்கை பேசவில்லை. கூரையில்லாத காரில் காற்று அடித்ததால் என்று நினைத்தேன்.

அப்புறம் மூன்று மாதம் இந்தக் கதையைச் சொல்லாத இடம் இல்லை. வேலை செய்கிற இடத்தில் சொன்னேன், சைக்கிள் கடையில் சொன்னேன், மூலக்குளத்தில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தபோது ஏணியில் இருந்தவனைக் கீழே இறக்கிச் சொன்னேன். வெளியே தெரிகிற குறையைப் பிடி, உள்ளே இருக்கிற நல்லதைப் பேசாதே என்று பாடமே நடத்தினேன். கார் இதற்குள் இரண்டு முறை நடுரோட்டில் நின்றுபோயிருந்தது. ஹெட்லைட் மட்டும் ஒரு நாளும் காலை வாரவில்லை.

நான்காவது குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. பையனும் அவனுடைய அப்பா அம்மாவும், மூன்று பேர். பையன் விழுப்புரத்தில் நல்ல வேலையில் இருந்தான், அதிகம் பேசாதவன். என் கண்டுபிடிப்பு வேலை செய்தது. பையனின் அப்பா வாசலிலேயே நின்று காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன வெலைக்கு வாங்கினீங்க தம்பி?"

சொல்லாமல் இருப்பேனா? கண்ணாடிப் புள்ளியைக் காட்டினேன், வளையத்தைக் காட்டினேன், வெள்ளிப் பூச்சைப் பற்றி வாய் திறக்காத சாமர்த்தியத்தையும் சொன்னேன். அவர் ரசித்துக் கேட்டார். கெட்டிக்காரர் தம்பி நீங்க என்றார். சம்பந்தம் முடிந்த மாதிரிதான் என்று அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

தங்கை காபி கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோரும் ஒரு வாய் குடித்தோம். பையனின் அப்பா, "கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பும்மா" என்றார். அவள் திரும்பினாள். வெயில் சரியாக இடது கன்னத்தில் விழுந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான் தம்பி. படிப்பு இருக்குது, குணம் இருக்குது. நீங்களே சொன்னீங்களே, ஓட்டத்துக்கு ஒண்ணும் இல்ல, புள்ளி பாக்கத்தான் கொஞ்சம் ஒரு மாதிரின்னு. அதுக்குத் தகுந்த மாதிரி நீங்களும் பாத்து சேத்து செஞ்சுட்டா, எங்களுக்கு மறுப்பில்ல."

அவர் கேலி செய்யவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார், விஷயம் தெரிந்தவனிடம் விஷயத்தைப் பேசுகிற மாதிரி. கொட்டகையில் நான் சொன்ன வார்த்தை மூன்று மாதம் கழித்து அப்போதுதான் என் காதில் விழுந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. இன்னொரு வாய் காபி குடித்தேன்.

தங்கைதான் பேசினாள். குரல் உயரவில்லை, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாக வந்தது.

"அந்தக் காரோட வெல புள்ளிக்காகக் குறையல. அண்ணன் சொன்னத நான் வித்தவருகிட்ட சொல்லவே இல்ல. எங்க அண்ணன் ரொம்ப ஆசைப்படுறாரு, கையில அவ்ளோ இல்ல, கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு லைட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காருன்னு சொன்னேன். பாவம்னு குறைச்சாரு."

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பையனின் அம்மா கேசரி நன்றாக இருக்கிறது என்றார். கடிதம் போடுகிறோம் என்று சொல்லிக் கிளம்பினார்கள். போகும்போது பையனின் அப்பா காரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. அதில் பாதி, தங்கையிடம் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னதற்கு. மீதிப் பாதி, மூன்று மாதம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதற்கு. எந்தப் பாதி பெரியது என்று இன்றைக்கும் நான் நேர்மையாகச் சொல்ல மாட்டேன். அந்த மெழுகு டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

கடிதம் வரவில்லை. பதிலாக அடுத்த சனிக்கிழமை அந்தப் பையனே தனியாக சைக்கிளில் வந்து நின்றான். வியர்த்துக்கொட்டியது. எனக்குச் சம்மதம், எதுவும் சேர்த்துச் செய்ய வேண்டாம், அப்பாவிடம் பேசிவிட்டேன் என்று சொன்னான். உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டுப் போய்விட்டான். அம்மா அழுதுகொண்டே சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். நான் தங்கை பள்ளிவிட்டு வருவதற்காக வாசலிலேயே காத்திருந்து, அவள் படியேறுவதற்குள் சொல்லி முடித்தேன்.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"வேணாம்."

"ஏன்? அவனுக்கு என்ன குறை?"

"அவங்கப்பா என்னைத் திரும்பச் சொல்லிப் பாத்து அப்படிப் பேசுறப்ப, அவரு பக்கத்துல உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்தாரு."

"பாவம், சின்னப் பையன். பெரியவங்க பேசுறப்ப அவன் என்ன பண்ணுவான்? அதுக்காக ஒருத்தன வேணாம்னு சொல்லுவாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீயுந்தான் குடிச்சிட்டு இருந்தே. நீ அண்ணனாப் போயிட்டே, மாத்த முடியாது. அவரு இன்னும் யாரோதான்."