குணம் அண்ணனுக்குப் பிடிக்காத சொல்

குணம் அண்ணன் போய்விட்டார். நேற்றுப் பின்னேரம், கடையில் இருக்கும்போதே நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

ஆரையம்பதி மெயின் ரோட்டில் கதை, கவிதை, வரலாறு என்று புத்தகம் விற்ற ஒரே கடை அவருடையது. மற்றக் கடைகளில் கொப்பி, பேனை, பரீட்சைக்குப் படிக்கும் பாஸ்ட் பேப்பர்.

காலையிலிருந்து ஃபேஸ்புக் முழுக்க அந்தக் கடை முன்னால் நின்று எடுத்த படங்கள்தான். "நம் ஊரின் அறிவுச் சுரங்கம்" என்று ஒருவர். அவர் அந்தப் படி ஏறி நான் பார்த்ததில்லை.

"உள்ளூர்க் கடைகளுக்கு ஆதரவு கொடுப்போம்" என்று இன்னொருவர்.

ஆதரவு... அண்ணனுக்கு அறவே பிடிக்காத சொல்.

ஒரு புத்தக வெளியீட்டில், மேடையில் இருந்தவர் மைக்கில் அவரைக் காட்டி, "இவருக்கு நாம் எல்லோரும் ஆதரவு கொடுக்க வேண்டும்" என்றார். நல்ல கைதட்டல். கூட்டம் முடிந்து வடையும் டீயும் எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணன் மேசையில் பரப்பிய புத்தகங்கள் அப்படியே கிடந்தன.

பெட்டியில் திரும்ப அடுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஆதரவ அனாதை இல்லத்துக்குக் குடுக்கச் சொல்லுங்க புள்ள. எனக்கு யாவாரம் தந்தாக் காணும்."

போட்டோகொப்பி மெஷின் ஒன்று வைப்போம் என்று அவர் மனைவி மலர் அக்கா எத்தனையோ தரம் கேட்டார். மாட்டேன் என்றுவிட்டார். காரணம் டியூஷன் படிப்பிக்கும் ஒரு சேர்.

அந்த சேர் ஒரு நாவல் வாங்கி, எதிர்க் கடையில் வகுப்பு முழுவதற்கும் போட்டோகொப்பி அடித்தார். மறுநாள் அதே புத்தகத்தோடு வந்தார். புத்தகம் பார்த்தபடி நானும் அங்கே நின்றேன்.

"அண்ணன், இதில ஒரு பக்கம் மங்கலா இரிக்கி. கொப்பி வடிவா விழுதில்ல. வேற ஒண்டு மாத்தித் தாங்களன்."

அண்ணன் அந்தப் பக்கத்தை ஆற அமரப் பார்த்தார். "ஓம் சேர், மங்கல்தான். அத நீங்களே புள்ளைகளுக்கு வாசிச்சுச் சொல்லுங்க. உங்கட குரல் நல்ல தெளிவு."

சேர் சிரித்துக்கொண்டே போனார். அவருக்கு விளங்கவே இல்லை.

கடை சொந்தக் கட்டடம். போன் கடைக்கென்று வாடகைக்குக் கேட்டு ஆள் வந்துகொண்டே இருந்தது. கடைசிவரை அண்ணன் விடவில்லை.

இன்று செத்த வீட்டில் மலர் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். ஒருவர் குனிந்து மெல்லக் கேட்டார்.

"அக்கா, கடைய மூடுறெண்டா புத்தகங்கள அரை விலைக்குப் போடுவீங்கதானே? எனக்கு முதல்ல ஒரு மெசேஜ் போடுங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "மூடுறெண்டு உங்களுக்கு ஆர் சொன்ன?"

அவர் நழுவிய பிறகு என் பக்கம் திரும்பினார். "நானே நடத்துவமா எண்டு நினைச்சன்கா. எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு முடியட்டும், யோசிப்பம் எண்டு இருந்தன். இப்ப யோசிக்க ஒண்டுமில்ல. போன் கடைக்காரன வரச் சொல்லுவம்."

சரி... போன் கடை வரும். அதன் முன்னாலும் நின்று படம் எடுத்துப் போடுங்கள்.

குணம் அண்ணன், அரை விலை கேட்டு இனி யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள்.

படுங்கள்.